நாலு மணிக்குக் கதவு தட்டுகிறவர்

மூக்கண்டப்பள்ளியில் நான் குடியிருந்த லைன் வீட்டில் ஒரே வரிசையாகப் பதினோரு அறைகள். எல்லாவற்றிலும் ஃபேக்டரி ஆட்கள். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களை யாராவது தட்டி எழுப்பிவிடுவார்கள். அதற்கு வழி கண்டுபிடித்தவர் ஆறாம் அறை எல்லப்பன். மெஷின் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை என்பதால் பாகங்களில் குறி போடச் சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். தன் கதவில் 'நைட்' என்று எழுதிவிட்டுப் படுத்தார். ஒரே மாதத்தில் லைன் முழுக்க அதுவே வழக்கமாயிற்று. எழுதிய கதவை யாரும் தட்டக் கூடாது.

ஏழாம் அறையில் அருள்ஜோசப். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் எல்லப்பனும் சேர்ந்து சமைப்பார்கள். 1988 ஆடியில் இரண்டு நாள் அருள்ஜோசப் கதவில் 'நைட்' இருந்தது. வாசலில் கத்தி விளையாடிய பிள்ளைகளை எல்லப்பனே அதட்டியிருக்கிறார்: "ஏய், அண்ணன் தூங்கறாரு. அந்தாண்ட போயி ஆடுங்க."

மூன்றாம் நாள் கதவை உடைத்தார்கள். அருள்ஜோசப் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார். வேலை போய் இரண்டு மாதம் ஆனதை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஷிஃப்டே கிடையாது.

எல்லாக் கதவுகளிலும் எழுதியிருந்ததை எல்லப்பன் ஈரத்துணியால் துடைத்தாராம். சூப்பர்வைசரிடம் கேட்டு நிரந்தரமாகக் காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சாத்திய கதவு ஒவ்வொன்றையும் தட்டுவார். உள்ளிருந்து குரல் வந்தால் போதும், அடுத்த கதவுக்குப் போய்விடுவார். ஆனால் பழக்கம் விடவில்லை. ஜனங்கள் மறுபடியும் எழுதினார்கள். அவர் எழுத்தைப் பார்க்காமல் தட்டினார்.

"வந்துட்டாரு போஸ்ட்மேன், லெட்டரு இல்லாத போஸ்ட்மேன்" என்பார் நாலாம் அறை வீரலட்சுமி அக்கா.

"ஆளு கீறீங்களான்னு பாத்தேம்மா."

"கீறோம், கீறோம். செத்தா சொல்லி அனுப்பறேன், போய்யா."

அந்தப் பேச்சுக்கு மட்டும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அருள்ஜோசப் போன அடுத்த வருஷம் நான் குடிவந்தேன். என் ஊர் கல்லாவியில் எங்கள் தெருவிலேயே முதல் பி.எஸ்.சி. நான்தான். "படிச்ச தம்பி, ஊட்டா ஆயித்தா?" என்று, சாப்பிட்டாயிற்றா என்பதைக் கன்னடத்தில் கேட்டபடி தட்டுவார். கதவைத் திறக்காமலே "ஆச்சுங்க" என்பேன். குரல் கேட்டும் என் கதவில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார். அவரை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்றார்.

அதற்கடுத்த வருஷமும் ஆடி வந்தது. ஒரு திங்கட்கிழமை நாலு மணிக்குத் தட்டல் வரவில்லை. நாலேகாலுக்கு எழுந்து வெளியே போனேன். ஆறாம் அறை உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவில் அவர் கையெழுத்தில் 'நைட்'.

வீரலட்சுமி அக்கா குடத்தோடு நின்றிருந்தார். "எழுதிக்கீதே தம்பி. தட்டலாமா?"

"அவருக்கு நைட்டே இல்லியேக்கா."

தட்டினேன். சத்தமில்லை. தட்டலுக்கும் குரலுக்கும் நடுவே அவர் நிற்கும் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு கையாலும் தட்டினேன். "அண்ணா! எல்லப்பண்ணா!"

"மணி என்னா?" உள்ளிருந்து மெல்லிய குரல்.

"நாலேகாலுங்க."

"லேட்டு."

அக்கா குடத்தை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"கதவத் தெறங்கண்ணா."

"கொரலு வந்துருச்சில்ல? போங்க தம்பி."

"கொரலு போதாதுங்க."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்தும் எழுதியிருந்தேன். யாரும் தட்டல."

ஞாயிறு நான் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எழுத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அந்தாண்டை விரட்டியிருக்கிறார். எழுந்து போய்க் களியும் கீரைக்குழம்பும் கொண்டுவந்து, "தின்னு முடிக்கற வரைக்கும் இங்கதான் குந்தியிருப்பேன்" என்றார்.

அன்று இரவு அவரைத் தனியே விடவில்லை; என் பாயை அங்கே கொண்டுபோய் விரித்தேன். மறுநாள் காலை பெங்களூர் பஸ் ஏறி, மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவர் அருள்ஜோசப்பைப் பற்றியே பேசினார். இரண்டு வருஷமாக யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

மாத்திரை சாப்பிடுகிறார். நாலு மணிக்குத் தட்டவும் தட்டுகிறார். அவர் கதவை வீரலட்சுமி அக்கா தட்டுகிறார். உள்ளே குரல் கேட்டாலும் நகர்வதில்லை. கதவு திறக்கிறவரை திட்டிக்கொண்டே நிற்கிறார்.