அரைக்கண்ணி கேமரா வாங்குகிறாள்

"அண்ணா, ஆடாதீங்க, ஒரே ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இடது கண்ணை மூடிக்கொள்வாள். பழைய கேமராக்கள் விற்கும் அந்தக் குறுகிய கடையின் கடைசி மூலையில், பல்பு எரிந்துபோய் ஒரு வருடமான இடத்தில், கடைக்காரர் சுவரில் சாய்ந்து நிற்பார். கையில் தேநீர்க் கோப்பை. படம் எடுத்து முடித்ததும் அவள் தன் மெமரி கார்டை உருவி, அடுத்த கேமராவில் செருகுவாள். மறுபடியும் அதே மூலை, அதே மனிதர், அதே தேநீர். எட்டு மாதம், ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதுதான் நடந்தது. வாங்கியது ஒன்றும் இல்லை.

"கல்யாணம் ஆனதுலேருந்து என் பொண்டாட்டி என் மூஞ்சிய இத்தன தடவ பாத்ததில்லம்மா" என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் வாரத்தில் மற்ற நாளெல்லாம் முள்ளு முள்ளாக இருக்கும் அவருடைய தாடை வியாழக்கிழமை மட்டும் மழமழவென்று இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் அவளுக்கு அரைக்கண்ணி என்று பெயர். புகைப்படம் படிக்கிறாள், இறுதி ஆண்டு. எதைப் பார்த்தாலும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். சாலையைக் கடக்கும்போதும் அப்படியே. அதனால் பாதி வண்டிகள்தான் அவள் கண்ணில் படுகின்றன. மீதிப் பாதி அவளைப் பார்த்துத் தாமாகவே நின்றுவிடுகின்றன. ஒரு முறை, அவள் "அசையாதே" என்று சொன்னதற்காக மாடிப்படியில் ஒரு கரப்பான்பூச்சி நான்கு நிமிடம் அசையாமல் நின்றது என்று சொல்லிக்கொள்கிறார்கள். மனிதர்களுக்கு எதையும் பெரிதாக்கித்தான் சொல்லத் தெரியும். நானே பார்த்தேன், மூன்று நிமிடம்தான்.

அவளிடம் இருந்த கேமரா மாமா கொடுத்தது. அந்த மாமா மூன்று வாரம் புகைப்படக் கலைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். பிடியில் ரப்பர் உரிந்து, அந்த இடத்தில் ஒரு தோல் துண்டு ஒட்டியிருக்கும். பகலில் அந்தக் கேமரா நல்ல பிள்ளை. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், படமெல்லாம் ரவையைக் கொட்டியது போலப் புள்ளி புள்ளியாகிவிடும்.

இருட்டில் எடுக்க வேண்டிய வேலை ஒன்று வரும் வரை இது பெரிய விஷயமாக இல்லை. நகரத்து நாடகக் குழு ஒன்று, ஆண்டு முழுக்கத் தன் நாடகங்களைப் படம் எடுக்க ஆள் தேடியது. ஒத்திகையில் எடுத்துக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. ஃபிளாஷ் போடக் கூடாது. மேடையில் பாதி நேரம் ஒரே ஒரு விளக்குதான் எரியும்.

இந்த வேலை கிடைத்தால் கடைசிப் பருவக் கட்டணத்தைத் தானே கட்டிவிடலாம். இதுவரை கட்டியது அக்கா. எங்கள் எதிர் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். ஒவ்வொரு பருவமும் தங்கையின் கட்டணத்துக்காகவே ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டரை எடுப்பாள். முந்நூறு சட்டை. தைத்து முடிக்கும்போது கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிடும். அப்புறம் பத்து நாளைக்கு யார் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவாள்.

"இந்தத் தடவ ஸ்கூல் ஆர்டர வேணாம்னு சொல்லிடுக்கா."

"நீ மொதல்ல கேமரா வாங்கு. அதுக்கப்புறம் என் கழுத்தப் பத்திப் பேசலாம்."

பகுதி நேர வேலை பார்த்து அவள் சேர்த்த பணத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வரும். கடைக் கண்ணாடிக்குள் அவள் மனசைப் பறிகொடுத்திருந்த கேமரா ஒன்று இருந்தது. ஒரே ஒரு கை மாறியது, கீறல் இல்லாதது, அதோடு வரும் சாதாரண லென்ஸும் உண்டு. சேர்த்த பணம் மொத்தமும் அதற்குச் சரியாகப் போய்விடும். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய அதன் பெருமைகளை எழுதி வைத்திருந்தாள். எழுதிய அழுத்தத்தில் எழுத்து பக்கத்தைத் தாண்டி, நோட்டைத் தாண்டி, மேசையிலும் பதிந்துவிட்டது. வேண்டுமானால் வந்து தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் அவளுக்குத் தன் ஆசை மேல் நம்பிக்கை கிடையாது. "மனசுக்குப் புடிச்சுதுன்னா கண்ணு பொய் சொல்லும்" என்பாள். அதனால் இருட்டு மூலையில் எடுத்த படங்களில் ஐந்தை அச்சிட்டு, முதுகில் எண் மட்டும் எழுதி, அக்காவின் துணி வெட்டும் மேசையில் பரப்பினாள். நான்கு படங்கள் கடையில் இருந்த நான்கு கேமராக்களில் எடுத்தவை. ஐந்தாவது, எண்ணிக்கைக்காகச் சேர்த்தது: மாமா கொடுத்த கேமராவிலேயே, கடையில் தூசி படிந்து கிடந்த ஒரு குட்டி லென்ஸை மாட்டி விளையாட்டாக எடுத்தது. அந்த லென்ஸ் அவள் பார்த்த கேமராவின் விலையில் கால் பங்குகூட இல்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டாது; கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். ஆனால் வாய் அகலம். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்துவிடும்.

அக்கா ஊசியை வாயில் வைத்தபடியே ஐந்தாவது படத்தைத் தொட்டாள்.

அரைக்கண்ணி படங்களைக் கலைத்து மறுபடி பரப்பினாள். மறுபடியும் அதே படம். கட்டடத்தின் பின்பக்கம் கொண்டு போய், வேறு வெளிச்சத்தில் மூன்றாவது தடவை காட்டினாள்.

அக்கா ஊசியை எடுத்துவிட்டுக் கத்தினாள். "எத்தன தடவ கேட்டாலும் இதுதான்டி! இதுலதான் ரெண்டாவது பட்டன்ல நூல் பிரிஞ்சு நிக்கறது தெரியுது. மத்ததுல எல்லாம் அந்த மனுஷன் வென்னீர் அண்டாவுக்குப் பின்னால நிக்கற மாதிரி இருக்கார். அவர வரச் சொல்லு, நானே அந்தப் பட்டன தச்சு விடறேன், தொல்ல விட்டுது."

அவள் ஆசைப்பட்ட கேமராவின் சாதாரண லென்ஸுக்கு இருட்டில் வெளிச்சம் போதாமல், கண்ணைத் திறந்தபடியே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் கடைக்காரர் ஒரு மூச்சு விட்டுவிடுகிறார். படம் கலங்கிவிடுகிறது. நோட்டுப் புத்தகத்தில் அறுபது பக்கம் எழுதியவள் இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவளுடைய இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன, கட்டடமே பயந்துபோயிற்று.

வியாழக்கிழமை கடைக்குப் போய் அந்தக் குட்டி லென்ஸைக் கேட்டாள்.

"எட்டு மாசம் என்ன மூலையில நிறுத்தி வச்சதுக்கு இவ்ளோண்டுதானா?" என்றார் கடைக்காரர். துடைத்துக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "பாத்துக்கம்மா. நீ ஆசப்பட்டது சத்தமே போடாது. உன்னுது கதவ அறையற மாதிரி அடிக்கும். நாடகக்காரங்க துரத்தப் போறாங்க."

"துரத்தினா ஓடிக்கறேன்ணா. படம் தெரியணும்."

ஒத்திகை ஒரு சனிக்கிழமை பிற்பகல். துணைக்கு அக்கா போக முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்காரர் ஆர்டர் எடுப்பதா இல்லையா என்று அன்று மாலை கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அரங்கத்தின் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். வேலை கேட்டு வந்த மற்ற இருவரும் தோளில் ஆளுக்கொரு மூட்டையோடு வந்திருந்தார்கள்; அந்த மூட்டைக்குள் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கலாம். அவர்களுடைய கேமராக்கள் வாயே திறக்கவில்லை.

நாடகத்தில் ஒரு பெண் தன் தகப்பனின் கடிதத்தைப் படித்து அழ ஆரம்பித்தாள். டக்! அழுகை பாதியில் நின்றது. குழுவின் மேலாளர், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த ஒரு பெண்மணி, இருட்டைப் பார்த்துக் கேட்டார்: "யாரது கதவ சாத்தறது? இன்னொரு தடவ கேட்டுதுன்னா வெளியதான் நிக்கணும்."

அதற்குப் பிறகு அரைக்கண்ணி படமே எடுக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். கேமராவை மார்போடு அணைத்து, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு தூணோரம் நின்றாள். மற்ற இருவரும் ஓசையில்லாமல் எடுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முந்நூறு சட்டைகளும் வரிசையாகக் கண் முன்னே தொங்கின.

காட்சி முடிந்தது. மேலாளர், "மறுபடியும், முதல்லேருந்து" என்றார்.

மறுபடி ஆரம்பித்தபோதுதான் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. தகப்பன் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டும் இடம், தம்பி நாற்காலியை உதைத்துத் தள்ளும் இடம், ஊர்க்காரர்கள் கொல்லென்று சிரிக்கும் இடம், எல்லாம் எங்கெங்கே வருகின்றன என்று காதால் மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னாலேயே வேண்டிய இடத்துக்கு நடந்து போய், இடது கண்ணை மூடித் தயாராக நின்றாள். நாற்காலி விழுந்த சத்தத்துக்குள் அவளுடைய டக் போன இடம் தெரியவில்லை. கடிதம் படிக்கும் பெண்ணுக்கு அவள் எடுத்தது ஒன்றே ஒன்று: கைத்தடி தட்டியதும் அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்கிறாளே, அது.

முடிவில் மற்ற இருவரிடமும் ஆளுக்கு ஆயிரம் படம். இவளிடம் முப்பத்தொன்று.

மேடையில் தச்சர் ஒருவர் பின்னணிப் பலகைக்கு ஆணி அடிக்க ஆரம்பித்திருந்தார். மேலாளர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, முப்பத்தொன்றையும் நிதானமாகப் பார்த்தார். கடிதப் பெண்ணின் படத்துக்கு இரண்டு முறை திரும்பிப் போனார்.

"திங்கக்கெழமையிலேருந்து வந்துடு" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். உடனே அவருக்கு ஏதோ உறைத்தது. "இரு, இதெல்லாம் எப்ப எடுத்தே? ஒரு சத்தமும் கேக்கலியே எனக்கு?"

அவளுடைய இடது கண் மூடியது. கேமரா மேலாளரின் முகத்துக்கு நேராக உயர்ந்து நின்றது. தச்சரின் சுத்தியல் மேலே போய் ஆணியின் தலையில் இறங்கிய அந்த நொடியில் விரல் அசைந்தது. மேலாளர் புருவத்தை உயர்த்தியபடி, இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.