ஜப்பான் பனியில் ஓடிய வண்டி

ஜப்பானில் கொட்டும் பனியிலேயே வழுக்காமல் ஓடிய எஸ்யூவி என்று தரகர் சொன்னதும், யாங்கோன் மழைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன். அடிப்பகுதியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

யாங்கோனில் பபேடான் பகுதிக் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. மனைவியும் இரண்டு மகள்களும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த கோயில் பணியாளர் எழவேயில்லை.

"நல்ல நேரம் போகுது, சீக்கிரம் வையுங்க!" என்று அதட்டினேன்.

"போகட்டும் அண்ணே, முதல்ல பிள்ளைங்கள இறக்குங்க. பிரேக் குழாய் துருப்பிடிச்சு ஆயில் ஒழுகுது. ஜப்பான்ல பனி உருக ரோட்டுல உப்புக் கொட்டுவாங்கல்ல, அது தின்னுருக்கு. துறைமுகத்துல வேலை செஞ்சப்ப இப்படி வந்து இறங்குன வண்டிங்க நிறைய பார்த்திருக்கேன்."

மகள்கள் சிணுங்கிக்கொண்டே இறங்கினார்கள். பழத்தை வைத்துவிட்டு அவர் எழுந்து போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அதட்டியவனின் பிள்ளைகளுக்காக, வேட்டியெல்லாம் சேறாக, தரையில் படுத்துப் பார்த்திருந்தார் அவர்.