வேட்டிக்கு முளைத்த கொம்பு

"செல்வம் வெட்டி" என்று வாசித்தார் மேரி அக்கா.

தாராவியில் கடை போர்டு செய்யும் பட்டறையில் எனக்கு டிசைன் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத்துப்பிழை என்றாலே பயம். இந்தப் போர்டில் பிழையே கிடையாது. அதுதான் விஷயம்.

செல்வம் அண்ணாச்சி வேலை போய் ரொம்ப நாள் வீட்டில் இருந்தவர். மாமனார் வாயில் அவர் பெயர் 'வெட்டிப்பய'. இப்போது வேட்டிக்கடை போடுகிறார். மறுநாள் திறப்பு, மாமனார் திருநெல்வேலியிலிருந்து வருகிறார். 'செல்வம் வேட்டி' என்று எல்இடி எழுத்து. ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தது அண்ணாச்சியின் மகன்: தடியாக, முனையெல்லாம் உருண்டு, வலப்பக்கம் சாய்ந்த இட்டாலிக். எங்களுக்கும் அது தோது. தடி எழுத்துக்குள் எல்இடி தாராளமாக உட்காரும். முனை உருண்டிருந்தால் வெட்டும்போது அக்ரிலிக் தகடு தெறிக்காது.

"ஏக்தம் ஜக்காஸ், அங்கிள்!" என்றான் மகன். பம்பாய் பாஷையில் 'ரொம்பப் பிரமாதம்'. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் பட்டறை வாசலில் போர்டை எரியவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கூட வந்த அண்ணாச்சி, "வேட்டின்னு சரியாத்தான இருக்கு? சும்மா பயந்து சாவாதீரும்வே" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் அப்படித்தான் வாசிப்பார். அதனால்தான் அங்கே வடை சுட்டுக்கொண்டிருந்த மேரி அக்காவைக் கேட்டேன்.

வாசித்துவிட்டு அக்கா அண்ணாச்சியைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, போர்டு ஒங்க மாமனார் உபயமா?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அந்த மனுசன் நாளைக்கு வருதாரு. ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பாரே" என்றார்.

'வே'யின் மேல்சுழியில் ஓட்டை குன்றிமணி அளவுதான். விளக்கு எரிந்ததும் வெளிச்சம் பரவி அதை அடைத்துவிட்டது. இரட்டைக் கொம்பு தூரத்தில் ஒற்றைக் கொம்பாகிவிட்டது.

முழுப் போர்டையும் மாற்ற நேரமில்லை. அந்தக் கொம்பை மட்டும் மறுபடி வரைந்தேன். கோட்டை மெலித்து, மேல்சுழியை மற்ற எழுத்துகளின் தலைக்கு மேலே தூக்கி, ஓட்டையை நன்றாகத் திறந்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, அதுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"ஆமா முதலாளி. ரெண்டு."

மறுபடி வெட்டி, எரியவிட்டு, மேரி அக்கா 'வேட்டி' என்று வாசித்த பிறகுதான் எனக்கு டீ இறங்கியது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தடி எழுத்து வைத்தால் முதலில் ஓட்டைகளைப் பாருங்கள். எரியவிட்டு, தள்ளி நின்று, விஷயம் தெரியாத ஆளை வாசிக்கச் சொல்லுங்கள்.

திறப்பு அன்று இருட்டும் நேரம், மாமனார் தெருவில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "செல்வம்... வேட்டி."

அண்ணாச்சி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சரியா காதுல விழல மாமா. இன்னொரு தடவ, சத்தமா வாசிங்க."