பெரியவரைக் கேட்டுவிட்டு

“பெரியவரே, ஷட்டரத் தூக்கலாங்களா?”

பூட்டில் சாவியை நுழைத்த கையோடு, குனிந்தபடியே கேட்பார், வண்டிகளுக்கு சீட் தைக்கும் சீட்காரர். பெரியவர் அவசரப்பட மாட்டார். எதிரே விளக்குக் கம்பத்தைப் பார்ப்பார். பக்கத்தில் என் பஞ்சர் கடை வாசலில் தொங்கும் டயர்களைப் பார்ப்பார். பிறகு கையை நீட்டி, சீட்காரரின் சட்டைப்பையிலிருந்து, ரெக்ஸினில் கோடு போடும் சாக்பீஸ் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பார். அதற்கு ‘ஆகட்டும்’ என்று அர்த்தம். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டால் ‘வேண்டாம்’. வேண்டாம் என்றால் இருவரும் படியில் உட்கார்ந்துவிடுவார்கள். வண்டியோடு யாராவது வந்து நின்றால், “கொஞ்சம் இருங்க, இன்னும் உத்தரவு ஆகல” என்பார் சீட்காரர், சிரிக்காமல்.

பெரியவருக்கு வயது இன்னும் இருபதைத் தொடவில்லை. சீட்காரரின் ஒரே பிள்ளை. பேச்சு வரவில்லை. உடம்பு வளர்ந்த வேகத்துக்கு மற்றது வளரவில்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனால் வண்டி சீட்டுக்கு ரெக்ஸின் மாட்டும்போது மூலையை இழுத்துப் பிடிக்கிறாரே, அந்தப் பிடியை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அவர் பிடித்தால் சுருக்கம் விழாது.

சீட்காரரின் வாய் நிறையக் குட்டி ஆணிகள் இருக்கும். பல்லிடுக்கில் ஆணியை வைத்துக்கொண்டே என்னோடு பேசுவார், வாடிக்கையாளரோடு பேசுவார், போனில் பேசுவார். பெரியவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மட்டும் அத்தனை ஆணிகளையும் கையில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்பார். ஃபேனை நிறுத்தக் கேட்பார். முடி வெட்டக் கேட்பார். தெருவில் எல்லாரும் சிரித்தாயிற்று. அவர் மனைவி விடுதித் துணிகளைத் துவைக்கும் லாண்டரியில் வேலை செய்கிறவர். வாய்த்துடுக்கு. “என்னைக் கட்டிக்கிட்டு வரும்போது ஒரு வார்த்தை கேட்டாரா இந்த மனுஷன்? இப்போ ஃபேனுக்கு மனு போடறாரு” என்பார்.

முன்பு இப்படி இல்லை. ‘வாடா’, ‘போடா’தான். எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லால் வந்தது.

பல் சொத்தை. கன்னம் வீங்கிப் போய்ப் பிள்ளை சோற்றைத் தொடவில்லை. வாயைத் திறக்கவும் விடமாட்டார் என்பதால், மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். சீட்காரர் கையெழுத்துப் போடப் போனார். கவுன்ட்டரில் இருந்த அம்மா வயதைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “பதினெட்டு தாண்டிடுச்சுங்க. இனிமே அப்பா கையெழுத்து செல்லாது. அவர் சம்மதம் இல்லாம நீங்க எதுவும் செய்யக் கூடாது. இல்லேன்னா கோர்ட்டுல கார்டியன்னு உத்தரவு வாங்கிட்டு வாங்க.”

அந்த அம்மா சொன்னது ஆபரேஷனைப் பற்றி. இவர் ‘எதுவும்’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார். வீக்கத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர், கடை வாசலில் நின்று மகனை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க இப்போ பெரியவராமே” என்றார். அன்றைக்குப் போன ‘டா’ திரும்ப வரவில்லை.

மாத்திரையில் வீக்கம் வடியும், மறுபடி வரும். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காமல் பெரியவர் இளைத்துக்கொண்டே போனார். அவர் இழுத்துப் பிடித்தும் ரெக்ஸினில் சுருக்கம் விழுந்தது. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார், சின்னப் பெண். பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் சாட்சி வேண்டும் என்றதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

கோர்ட்டுக்குப் போகும் வழியெல்லாம் வக்கீலம்மா ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். ஜட்ஜ் கேட்டால் ‘அவனுக்கு ஒண்ணும் புரியாதுங்க’ என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், வேறு எதுவும் பேசக் கூடாது. சீட்காரரும் தலையாட்டினார்.

ஜட்ஜ் ஒரு அம்மா. பெரியவரிடம் பெயர் கேட்டார். அவர் ஃபேனைப் பார்த்தார். அப்பாவைப் பிடிக்குமா என்று கேட்டார். அதற்கும் ஃபேன்தான். ஜட்ஜ் சீட்காரரிடம் திரும்பி, இவருக்கு ஏதாவது புரியுமா என்று கேட்டார்.

சீட்காரர் வாயைத் திறந்தார், மூடினார். வாயில் ஆணி எதுவும் இல்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டார். பிறகு மகன் பக்கம் குனிந்தார். “பெரியவரே, அம்மா உங்களப் பத்திக் கேக்கறாங்க. உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. சொல்லலாங்களா?”

பெரியவர் மெதுவாக முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வேணாங்கறாருங்கம்மா” என்றார் சீட்காரர். “நான் சொல்லல.”

வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். போச்சு, இனி பல் அந்த வாயிலேயே இருக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது என்ன பழக்கம் என்று என்னைக் கேட்டார். ஷட்டர், சாக்பீஸ், ஃபேன், எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவர் சீட்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவர் மாட்டேன்னு திரும்பிக்கிட்டா, பல்ல எடுக்காம விட்டுடுவீங்களா?”

“விடமாட்டேங்க. தூக்கிட்டுப் போயாவது எடுத்துடுவேன். ஆனா கேக்காம தூக்க மாட்டேன்.”

ஜட்ஜ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கார்டியன் பொறுப்பைப் பற்றி நிதானமாக விளக்கினார். சாதாரணமாகப் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் பெற்றவர்களின் அதிகாரம் முடிந்துவிடும். இந்த உத்தரவு வாங்கினால் வைத்தியத்துக்கும் இருப்பிடத்துக்கும் அப்பாவே முடிவெடுக்கலாம், ஆனால் வருஷா வருஷம் கோர்ட்டுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். சம்மதமா என்றார். சீட்காரர் கை கூப்பினார். “வருஷா வருஷம் ஒருத்தர் அவர் எப்படி இருக்காருன்னு கேக்கப்போறாங்க. அதுக்கு நான்தாங்க நன்றி சொல்லணும்.”

உத்தரவில் ஜட்ஜ் ஒரு வரி சேர்த்துச் சொல்லி எழுத வைத்தார்: இப்போது கேட்பதுபோல, எதையும் மகனைக் கேட்டே செய்ய வேண்டும்.

நான் யாருக்கும் லேசில் நன்றி சொல்கிற ஆளில்லை. ஆனால் அந்த நாளில் அங்கே நிற்க எனக்கு ஒரு இடம் கிடைத்ததை நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். என் மகளுக்கும் பதினெட்டு தாண்டிவிட்டது. இப்போதெல்லாம் அவள் அறைக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன். முதல் நாள், “உடம்பு சரியில்லையாப்பா?” என்று கேட்டாள்.

உத்தரவு வந்த அன்று சீட்காரர் நல்ல ரெக்ஸினாகப் பார்த்து ஒரு மெத்தை தைத்தார். யாருக்கு என்றேன். ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர் அம்மாவுக்காம். அவர் உட்காரும் நாற்காலி வெறும் கட்டையாக இருந்ததாம். திருப்பி அனுப்பினவங்களுக்கா என்றேன்.

“தம்பி, அந்தம்மா அன்னிக்குத் தடுக்கலேன்னா, இவருக்கும் ஒரு சொல் இருக்குன்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.”

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மெத்தையை வாங்கி நாற்காலியில் போட்டுக்கொண்டு அந்த அம்மா தாளை நகர்த்தினார். “இப்போ உங்க கையெழுத்து செல்லும். போடுங்க” என்று பேனாவை நீட்டினார். சீட்காரர் பேனாவைத் தொடவில்லை. வீங்கிய கன்னத்தோடு நின்ற மகனிடம் குனிந்து, பல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டார். பெரியவர் கூரையைப் பார்த்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருந்தவர் இருமினார். பெரியவர் சுவரைப் பார்த்தார். கவுன்ட்டர் அம்மா நீட்டிய கையை மடக்காமல் பேனாவை அப்படியே பிடித்திருந்தார்.

பெரியவரின் கை அப்பாவின் சட்டைப்பைக்குள் போனது. சாக்பீஸை எடுத்தார். இந்தத் தடவை அதை அப்பாவின் கையில் வைக்கவில்லை. தாளில், கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் வைத்தார்.