தாண்டவராயனின் கப்பல் முழுகிய நாள்

தாண்டவராயன் பன்னிரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் இஞ்சினுக்கு எண்ணெய் போட்டவன். வேலையை விட்டுவிட்டு உத்திரமேரூருக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் சென்ட் பாட்டில் எதிர்பார்த்தார்கள். இவன் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே கடல் வரைந்த பலகை, பகடை, சின்னச் சின்ன அட்டைக் கப்பல்கள். இரண்டாம் உலக யுத்த விளையாட்டு. ஒரு சுற்று ஒரு நாள் கணக்கு. நான் பம்புசெட் ரிப்பேர் பார்க்கும் ஷெட்டில்தான் விரிப்பான்.

அந்தக் காலத்தில் பெரிய பயணிக் கப்பல்களில் பட்டாளத்தை ஏற்றி அனுப்பினார்களாம். பெட்டியில் அதுவும் ரோந்துப் படகும் ஒரே அளவு.

"ரெண்டாயிரம் ஆள் போற கப்பலு மச்சான். தீப்பெட்டிப் படம் மாதிரி கீது பாரு" என்றான்.

அந்தக் கப்பலைத் தேக்குத் துண்டில் சாண் நீளத்துக்குச் செதுக்கினான். மூன்று கட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் குடைந்து, ஆளுக்கு ஒன்றாக ரெண்டாயிரம் நெல் எண்ணிப் போட்டான். பீரங்கி கிடையாது. துணைக் கப்பல் கிடையாது. வேகம் ஒன்றுதான். மூன்று அடி வாங்கினால் முழுகும். நீர்மூழ்கி என்னுடையது. ஆறு விழுந்தால் அடி.

பொழுதுபோக்குக்கு ஆடவில்லை. அவன் அம்மா சொக்கம்மாள் எனக்கு அத்தை முறை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பன் அதே யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போனார். "தை பதினாறு. நாளை கப்பல்" என்று பம்பாயிலிருந்து ஒரு கார்டு. அதோடு சரி. கப்பல் முழுகியிருக்கும் என்று ஊரில் பேச்சு. செத்த நாள் தெரியாததால் திதி கொடுத்ததே இல்லை. அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஐயர் சொன்னதற்கு, படுத்த படுக்கையில் கிடந்த அத்தை எகிறினாள்.

"அமாவாசை ஊருக்கெல்லாம் பொதுவு. எங்க நைனாவுக்குன்னு ஒரு நாளு வோணும். அது தெரியாம நான் போவ மாட்டேன்."

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதில்லையா, அது மாதிரி பகடையிடம் கேட்டுவிடலாம் என்று இவன் முடிவு செய்துவிட்டான். முதல் சுற்றைத் தை பதினேழு என்று வைத்துக் கப்பலை விடுவது, முழுகும் சுற்று எந்த நாளோ அதையே திதிக்கு எடுத்துக்கொள்வது. நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

மார்கழி பூரா ஆடினோம். கப்பல் முழுகவில்லை. ரெண்டு அடி வாங்கும், தப்பித்துக் கரை சேரும். சாயந்திரம் நான் அவன் வூட்டைத் தாண்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து அத்தை குரல் வரும்.

"முழுகிச்சாடா?"

"இன்னும் இல்ல அத்தே."

"இன்னாடா கப்பலு உடற? எங்க நைனா தண்ணியிலயே கீறாருடா."

எனக்குத் தூக்கம் போயிற்று. மோட்டாரைப் பிரித்தாலும் அந்தக் குரல்தான். அத்தை சோறு இறங்காமல் கிடந்தாள்.

தை பிறந்து முதல் ஞாயிறு, பத்தாவது சுற்று. ரெண்டு அடி விழுந்திருந்தது. உருட்டினேன். நாலு. தாண்டவராயன் கப்பலையே பார்த்துக்கினு இருந்தான். கட்டை விரலால் பகடையைப் புரட்டிவிட்டேன். ஆறு.

சாமி முன்னால் பூப்பொட்டலத்தை மாற்றி வைத்த மாதிரி இருந்தது. அவன் கப்பலைத் தூக்கிக் கவிழ்த்தான். நெல்லெல்லாம் சிமெண்டுத் தரையில் கொட்டி ஓடியது.

பத்தாவது சுற்று என்றால் தை இருபத்தாறு. பஞ்சாங்கக்காரர் கார்டு வந்த வருஷத்துக் கணக்குப் பார்த்து, அன்றைக்குத் தேய்பிறை சப்தமி என்றார். சேதி சொன்னதும் அத்தை ரெண்டு வாய் கஞ்சி குடித்தாள். "நல்ல நாளு" என்றாள்.

அந்தச் சப்தமியன்று ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். ஐயர் பேர் கேட்டார், இவன் தாத்தா பேரைச் சொன்னான். எள்ளும் தண்ணீரும் விட்டான்.

"முடிஞ்சுது. எழுந்திருப்பா" என்றார் ஐயர்.

இவன் எழுந்திருக்கவில்லை. மறுபடி கையில் எள்ளை அள்ளினான்.

"இன்னும் இன்னாப்பா?"

"ஒருத்தருக்கோசரம் கப்பலையே முழுகடிச்சிட்டோம் சாமி. மத்தவங்க பேரு தெரியல." என் பக்கம் திரும்பினான். "நீ பொரட்னத நான் பாத்தேன் மச்சான். பாத்துட்டுதான் சும்மா இருந்தேன். வா, வந்து குந்து."

சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். ஐயர் போய்விட்டார். வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் விட்டுக்கினே இருந்தோம்.