சித்தப்பா டெல்லியை அழித்த கோடை

என் சித்தப்பா டெல்லியை அழித்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த வேலையில் பாதிக்கு மேல் என் கால்கள் செய்தது என்பதைக் குடும்பத்தில் இன்றுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

எழுபதுகளின் கடைசி. கோல் மார்க்கெட் அருகே அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அமெரிக்காக்காரன் வானத்துக்கு அனுப்பிய ஏதோ ஆய்வுக்கூடம் கழன்று நம் தலையில் விழப்போகிறது என்று அந்தக் கோடை முழுவதும் ஒரே பேச்சு. பால் பூத் வரிசையில் நின்றவர்கள்கூட அவ்வப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். எங்களோடு தங்கியிருந்த சித்தப்பாவுக்கு மட்டும் இதில் ஏகப்பட்ட சந்தோஷம். அவர் ஒரு அமைச்சகத்தில் கிளார்க். நாலைந்து தமிழ்ச் சிநேகிதர்களோடு சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்திவந்தார். மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகச் சுற்றிவிட்டு ரசக் கறையோடு திரும்பி வரும். அதில் தொடர்கதை எழுத அவருக்கு விஷயம் கிடைத்துவிட்டது. உலகம் அழிகிறது, டெல்லியில் ஒரு கிளார்க் மட்டும் பிழைக்கிறான்.

"அழிக்கிறது பெரிய காரியமில்ல. படிக்கிறவன் நம்பணும்," என்பார்.

நம்பவைப்பதற்காக அவர் செய்த ஆராய்ச்சிகளில் வீடு இரண்டுபட்டது. மண் கூஜாவில் தண்ணீரை மூடிவைத்து எத்தனாவது நாள் வாடை வருகிறது என்று முகர்ந்து பார்த்தார். அம்மா சுட்ட முறுக்கில் ஒரு கை எடுத்து ஜன்னலில் வைத்து, அது நமுத்துப் போகும் வரை காவல் இருந்தார். குழாயில் தண்ணீர் நின்றுபோனால் கிளார்க் எதைக் குடிப்பான் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். அதற்கு வழி சொன்னவள் நான்தான். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் கூலர் இருக்கிறதே, அதன் தொட்டியில் தண்ணீர் இருக்குமே என்றேன். சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். "அச்சா! இது யாருக்கும் தோணாது," என்றார்.

தோன்றியவளுக்குக் கதையில் இடம் உண்டா என்பதுதான் என் கவலை. கேட்டபோதெல்லாம், "நம்புற மாதிரி இருந்தா பார்க்கலாம்," என்றே சொன்னார். "நீ மொத அத்தியாயத்துலேயே காலி," என்றான் அண்ணன். அவன் சில வருஷம் மதுரையில் படித்தவன். தமிழை மளமளவென்று வாசிப்பான். எனக்குப் பேசத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும்தான், தமிழில் எழுத்துக் கூட்டக்கூட வராது. என் கூலர் தண்ணீரைக் குடித்து ஒரு கிளார்க் உயிரோடு இருக்கிறான், நானோ செத்துக் கிடக்கிறேன் என்பதை நினைக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

பத்திரிகையை அழகாகப் படியெடுப்பவர் எதிர் வரிசையில் தன் அண்ணன் வீட்டில் தங்கியிருந்த ஸ்டெனோ அக்கா. அவருடைய கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சித்தப்பாவின் தாள்களை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. அனல் காற்று படாமல் இருக்க அம்மா தலையில் துண்டைச் சுற்றி, ஃபிராக் பையில் ஒரு வெங்காயத்தையும் போட்டு அனுப்புவாள். அண்ணன் சும்மாதான் இருந்தான். ஆனாலும் சித்தப்பா என்னைத்தான் அனுப்பினார். என் சாமர்த்தியத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா படியெடுப்பதோடு நிற்கவில்லை. எனக்கு ரோஸ் சர்பத் கலந்து கொடுத்துவிட்டு, தாளைப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பார்.

"ஊரே அழிஞ்சுபோச்சு, இந்தாளு தினம் ஷேவ் பண்ணிட்டு ஆபீஸ் போறான். பிளேடு எங்கேர்ந்து வருது? உங்க சித்தப்பாவைக் கேளு."

கேட்டேன். அடுத்த அத்தியாயத்தில் கிளார்க்குக்குத் தாடி வந்தது. அதற்கடுத்த வாரம் சித்தப்பாவுக்கும் வந்தது.

"அவனுக்குக் கஞ்சி வைக்கத் தெரியுமான்னு கேளு," என்றார் அக்கா இன்னொரு நாள். அன்று சாயங்காலம் சித்தப்பா அடுப்படியில் நுழைந்து ஒரு பாத்திரத்தைக் கரியாக்கினார். அதை மூன்று நாள் தேய்த்தவள் அம்மா. உலகத்தை அழிக்கிறவர் பாத்திரத்தையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று புலம்பினாள்.

இதற்கு நடுவில் ஊரிலிருந்து சித்தப்பாவுக்குப் பெண் ஜாதகங்கள் வந்தபடி இருந்தன. ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம், ஒருத்தியின் அப்பா அதிகம் பேசுகிறார் என்று அவரும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆவணிக்குள்ள ஒரு பதில் சொல்லு. இல்லேன்னா நானே ஒண்ணை முடிச்சுடுவேன்," என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டார். சித்தப்பா மோர் ஊற்றிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தாளை என் கையில் கொடுத்து, "இதுதான் கடைசி அத்தியாயம். கையோட பதில் வாங்கிட்டு வா," என்றார்.

அக்கா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். எனக்கு சர்பத் கொடுக்க மறந்துவிட்டார். வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்து, தாளின் அடியில் என்னவோ எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தார்.

கடைசி அத்தியாயம். இதிலும் நான் இல்லையென்றால் இனி எதிலுமே இல்லை. அண்ணனிடம் கேட்டால் கேலி செய்வான். நேராக அடுப்படிக்குப் போய், பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் தாளை நீட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். பாகற்காயை மறந்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் இருக்கேனாம்மா?"

"இருக்கே. கடைசி வரியே நீதான்."

"நிஜமா? சாகலையே?"

"பத்திரமா இருக்கே. ஜல்தி கொண்டுபோய் சித்தப்பாகிட்ட குடு. அப்பா கண்ணுல படாம போ."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. தாளை வாங்கிய சித்தப்பாவோ நான் எதிரில் நிற்பதையே கவனிக்கவில்லை.

அன்று மாலை பாகற்காயோடு பாயசமும் இருந்தது. இன்றைக்கு என்ன விசேஷம் என்று அப்பா கேட்டார். "தலையில ஒண்ணும் விழலையே, அதுக்குத்தான்," என்றாள் அம்மா.

பிறகு அந்தக் கூடம் எங்கோ தூரத்தில் போய் விழுந்தது. எங்கள் வீட்டில் விழ வேண்டிய செய்தியும் ஆவணிக்கு முன்பே அப்பா காதில் விழுந்தது. வேறு ஆட்கள், வேறு ஊர் என்று அப்பா மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தை மாதம் அவரே முன்னால் நின்று தாலி எடுத்துக் கொடுத்தார். அக்காவைச் சித்தி என்று கூப்பிட எனக்கு ஒரு வருஷம் ஆனது. கடைசி அத்தியாயம் மட்டும் பத்திரிகையில் வரவே இல்லை. டெல்லியை அழித்த மனிதர் அதன்பின் ஒரு வரிகூட எழுதாமல் மண்ணெண்ணெய் வரிசையில் போய் நின்றார்.

என் பிள்ளைகள் வளர்ந்த பிறகு நான் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். போன வருஷம் சித்தி பெட்டியை ஒழிக்கும்போது அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்தார். கடைசித் தாளில் கதையே இல்லை. நடுவில் சித்தப்பாவின் ஆபீஸ் எழுத்து: "இனி இவ்வுலகில் இரண்டே பேர். தங்கள் ஒப்புதல் வேண்டப்படுகிறது." அதன் கீழே, அச்சடித்த மாதிரி: "ஒப்புதல் அளிக்கப்படுகிறது. ஆனால் இரண்டே பேர் என்பது நம்பும்படி இல்லை. வெயிலில் வெங்காயத்தோடு வருகிற குழந்தையும் பிழைக்க வேண்டும்."

ஆக, அம்மா சொன்னது பொய்யில்லை. அன்று அந்தப் பாயசம் நான் பிழைத்ததற்காகத்தான் என்று நம்பி, அண்ணன் முகத்துக்கு நேரே தம்ளரை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு, இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.