கக்கூஸ் பார்த்துச் சேர்த்த பள்ளிக்கூடம்

திருப்பூரில் நாங்கள் இருக்கும் பக்கம், எட்டாவது முடித்த பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் அரசுப் பள்ளி இரண்டு. ஒன்று மெயின் ரோட்டில், புதுக் கட்டடம். இன்னொன்று பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், பழைய கட்டடம். எது நல்லது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் ரிசல்ட்டைத்தான் சொன்னார்கள். மெயின் ரோட்டுப் பள்ளியில் கணக்கு டீச்சர் அப்படி, இங்கிலீஷ் டீச்சர் இப்படி என்று ஒரே அளப்பு. நான் பார்க்க வேண்டியது வேறு.

என் மகள் நடுநிலைப் பள்ளியில் மூன்று வருஷமாகக் கக்கூஸுக்கே போகவில்லை. அங்கே தண்ணீர் வராது, நாற்றம் குடலைப் புரட்டும். காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவாள். சாயங்காலம் வந்ததும் பையை வீசிவிட்டு ஓடுவாள். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தாள். பரீட்சை முடிந்த அன்றே சொல்லிவிட்டாள்: "புது ஸ்கூல்லயும் இப்படித்தான்னா நான் போமாட்டேம்மா. ஊட்டுலயே இருந்துட்டு, அப்பறம் உங்கூடக் கம்பெனிக்கு வந்தர்றேன்."

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

லீவு முடிந்து பள்ளிகள் திறந்ததும் அரை நாள் லீவு போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு முதலில் மெயின் ரோட்டுப் பள்ளிக்குப் போனேன். ஹெட்மிஸ்டரஸ் ரிசல்ட் போர்டைக் காட்டினார். "அது இருக்கட்டுங்க டீச்சர், கக்கூஸ் எங்கீங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். அடேயப்பா! பினாயில் வாசம், குழாயைத் திருகினால் தண்ணீர், பக்கத்தில் சோப்பு வேறு. அங்கேயே சேர்த்துவிடலாம் என்று விண்ணப்பம்கூட வாங்கிவிட்டேன். வெளியே வரும்போது அங்கே படிக்கிற பிள்ளை ஒன்று மெதுவாகச் சொன்னது: "இன்னைக்கு ஆபீசர் வர்றாங்கக்கா. அதான் தெறந்திருக்குது. நாளைக்குப் பூட்டிருவாங்க."

எனக்கு என் மேலேயே ஆத்திரம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற அன்றைக்கு எங்கள் கம்பெனிக் கக்கூஸிலும் சோப்பும் துண்டும் இருக்கும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் எடுத்து உள்ளே வைத்துவிடுவார். வருஷக்கணக்காகப் பார்த்தும் நானே ஏமாந்தேனே!

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஸ்டாப் பள்ளிக்குப் போனோம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. துப்புரவு வேலை செய்கிற அம்மா வாளியோடு நின்றிருந்தார். அவரிடமே கேட்டேன்.

"காத்தால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா கழுவறனுங்க. மூணுல ஒண்ணுக்குக் கதவு சரியில்லீங்க. தண்ணி வராத அன்னைக்கு நாறத்தான் செய்யும். பொய் சொல்ல மாட்டனுங்க" என்றார்.

குறையைத் தானே எடுத்துச் சொல்கிற ஆளை நான் நம்புவேன். ஆனால் படிக்கப் போகிறவள் என் மகளல்லவா? என்ன சொல்கிறாய் என்று கேட்கத் திரும்பினால் பக்கத்தில் ஆளைக் காணோம். கடைசிக் கக்கூஸின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவள், ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே, "இங்கயே சேந்துக்கறேம்மா" என்றாள்.

அந்த அம்மா முன்னாலேயே நான் அழுதுவிட்டேன்.